ஊசி ஒட்டாத காந்தம்

ஓசூரில் குடியிருந்த காலத்தில், என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் பதில் மாதாமாதம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஆரம்பத்தில், "நுண்ணிய வாய்க்கால்களில் ரத்தத்தை ஓடவிட்டு, காந்த விசையால் அணுக்களைப் பிரிக்கும் ஆராய்ச்சி" என்று ஒரே மூச்சில் சொல்வேன். கேட்டவர் தலையாட்டிவிட்டு, மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பார். பிறகு "ரத்த ஆராய்ச்சி" என்று குறைத்தேன். மாடி வீட்டுக்காரர் மறுநாளே வந்து, சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துச் சொல்லும்படி விரலை நீட்டினார். கடைசியில் "பெங்களூரில் படிக்கிறேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். கல்யாணமாகி முப்பதைத் தாண்டிய ஒருத்தி இன்னும் படிக்கிறாள் என்றால், பாவம் பார்த்து அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

என் கணவர் அப்படி விடுகிற ஆள் இல்லை. அவர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன டூல் ரூம் வைத்திருந்தார். வண்டிக் கம்பெனிக்குச் சாமான் செய்யும் கம்பெனிக்குச் சாமான் செய்யும் கம்பெனி என்று மூச்சு வாங்கிச் சொல்ல வேண்டிய வரிசையில் கடைசியாக வரும் பட்டறை. அங்கே வரும் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் டீ வருவதற்குள் என் ஆராய்ச்சியைச் சொல்லி முடித்துவிடுவார்.

"எங்க வீட்ல பெங்களூர்ல ரத்தத்த வாய்க்கால்ல உட்டு, காந்தம் காட்டிப் பிரிக்கறாங்க. வெள்ள தனி, செவப்பு தனி."

"எதுக்குங்க?"

"அத மட்டும் கேக்காதீங்க. எனக்குச் சோறு கெடைக்காது."

எதற்கு என்பதை இங்கேயாவது சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்கள் நடுவில் வானத்தைப் பார்த்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

ஒரு சொட்டு ரத்தத்தில் சிவப்பணுக்கள்தான் கூட்டம் கூட்டமாக இருக்கும். வெள்ளையணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். ஆனால் பல நோய்களைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அந்த வெள்ளைக்காரர்களைத்தான் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். பெரிய கருவிகளில் செய்தால் நிறைய ரத்தம் வேண்டும், நிறைய நேரமும் வேண்டும். நாங்கள் ஒரு சொட்டில் செய்யப் பார்த்தோம். பாதித் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் ரப்பர் போன்ற தெளிந்த பொருளில், தலைமுடி கனத்துக்கு ஒரு வாய்க்கால். இதற்குப் பெயர் சிப். ரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத இரும்பு மணிகளைக் கலப்போம். அவை வெள்ளையணுக்களில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும்படி பக்குவம் செய்யப்பட்டவை. வாய்க்காலின் ஓரத்தில் வெளியே ஒரு காந்தத்தை வைத்துவிட்டால், மணி ஒட்டிய வெள்ளையணுக்கள் ஓடும்போதே அந்தப் பக்கமாகச் சாயும். வாய்க்கால் முடியும் இடத்தில் இரண்டாகப் பிரியும். சாய்ந்தவை ஒரு கிளைக்குள், மற்றவை இன்னொரு கிளைக்குள். காகிதத்தில் வரைந்தால் அவ்வளவு அழகாக இருக்கும்.

சிப்பில் ஓட்டினால் அப்படி இல்லை. முதலில் பொத்தான் அளவு காந்தம் ஒன்றைக் கடையில் வாங்கி வைத்தேன். முரட்டுக் காந்தம். அது வெள்ளையணுக்களைச் சாய்க்கவில்லை, சட்டையைப் பிடித்து இழுத்தது. இழுபட்டவை ஓரத்தில் அப்பிக்கொண்டு நின்றன. பின்னால் வந்த சிவப்பணுக்கள் அவற்றின் மேல் முட்டி நின்றன. மாநில எல்லையில், ஜூஜுவாடி சோதனைச் சாவடியில் ஒரு லாரியை ஓரம் கட்டினால் அத்திப்பள்ளி வரை எல்லாம் நிற்குமே, அதேதான். தினமும் காலையில் பஸ்ஸில் உட்கார்ந்து அந்த நெரிசலைப் பார்த்துவிட்டு, ஆய்வகத்துக்குப் போய் மைக்ராஸ்கோப்பில் அதையே மறுபடியும் பார்த்தேன்.

இப்படியே எனக்குக் கொடுத்த வருடங்கள் தீர்ந்துபோயின. என் பேராசிரியர் நல்ல மனிதர், கெட்ட செய்தியைக்கூட மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்வார். அன்றும் அப்படித்தான் சொன்னார். மூன்று பேர் கொண்ட குழு வரும். அவர்கள் முன்னால் சிப்பை ஓட்டி, அணுக்கள் பிரிவதைக் காட்ட வேண்டும். காட்டினால் ஆராய்ச்சிப் பதிவை இன்னும் ஒரு வருடம் நீட்டிப்பார்கள். காட்ட முடியாவிட்டால் என் பெயரை எடுத்துவிடுவார்கள்.

திருநெல்வேலியிலிருந்து அப்பா ஞாயிறுதோறும் பேசுவார். மத்தூர் பக்கத்தில் ஒரு கல்லூரியில் அவர் யாரிடமோ சொல்லி எனக்கு ஒரு விரிவுரையாளர் வேலை பார்த்து வைத்திருந்தார். "எம்மா, வேலைன்னு ஒண்ணு கையில இருந்தா நல்லதுல்லா. அந்த வெள்ளையணு எங்க போயிரப் போவுது?" என்றார்.

எங்கேயும் போகாது. அதுதான் எனக்கு ஆத்திரம். அது ஒரு தடவையாவது நான் சொன்ன பக்கம் ஒழுங்காகப் போக வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை வருடமும். அதைப் பார்க்காமல் வெளியே வந்தால் மத்தூரில் எந்த வகுப்பில் நின்றாலும் மனசு அந்த வாய்க்கால் ஓரத்திலேயே நிற்கும் என்று எனக்குத் தெரியும். அந்த முனைவர் பட்டம் எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல், சின்னப் பிள்ளை பலூன் கேட்பது போல வேண்டும்.

இழுக்கிற காந்தம் வேண்டாம், நைசாகச் சாய்க்கிற காந்தம் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தேன். வாய்க்கால் நீளத்துக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதற்குப் பழைய காலத்துக் காந்தம் ஒரு ரகம் தோதாக இருந்தது. அல்நிகோ என்பார்கள். பெங்களூரில் பழைய சாமான் விற்கும் சந்தையில், உடைந்த மீட்டர்களுக்குள்ளிருந்து கழற்றிய விரல் நீளத் துண்டுகள் கிடைத்தன. அதில் ஒன்றின் ஒரு பக்கத்தைக் கத்தி விளிம்பு போலத் தேய்த்தால் போதும். பெங்களூர்க் கடைக்காரர்கள் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இது பீங்கான் மாதிரி உடையும், எங்களால் ஆகாது என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

சாயங்காலம் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் இதைப் புலம்பலாகத்தான் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"குடு இங்க."

"உடைஞ்சிருங்க."

"ஒடஞ்சா இன்னொண்ணு குடு. நாலு வாங்கினு வந்திருக்கற இல்ல?"

இத்தனை வருடம் என் ஆராய்ச்சியை டீக்கடைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், அன்று முதல் அதில் பங்காளி ஆகிவிட்டார். ஆபரேட்டர்கள் யாரையும் தொடவிடவில்லை. தானே மெஷினில் நின்றார். இரண்டு துண்டுகள் விளிம்பில் சில்லு சில்லாகப் பொரிந்து போயின. மூன்றாவதை நாளுக்குக் கொஞ்சமாக, வெண்ணெய் வழிப்பது போலத் தேய்த்தார். சம்பளம் வாங்காத வேலைக்காரர் என்றாலும் குறை சொல்வதில் பஞ்சமில்லை. "இன்னா சாமான் இது, தேய்ச்ச தூசியெல்லாம் அதும்மேலயே வந்து ஒக்காருது" என்று தினமும் ஒரு புகார். காந்தத்தின் மேல் இரும்புத் தூசி ஒட்டாமல் வேறு எங்கே ஒட்டும் என்று நானும் தினமும் ஒரு பதில்.

இங்கே டூல் ரூம்காரர்களின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சர்ஃபேஸ் கிரைண்டர் என்ற மெஷினில் சாமானைக் கவ்விப் பிடிப்பதே ஒரு காந்த மேடைதான். அதற்கு சக் என்று பெயர். தேய்த்து முடித்து எடுக்கும்போது அந்த மேடையின் காந்தம் சாமானிலும் கொஞ்சம் ஏறியிருக்கும். அப்படியே அனுப்பினால் வழியெல்லாம் இரும்புத் துகளைச் சேர்த்துக்கொண்டு போய், கடைசியில் வண்டிக்குள் உட்கார்ந்து அரிக்கும். அதனால் கடைசி வேலையாக எல்லாச் சாமானையும் டீமேக்னடைசர் என்ற பெட்டியின் மேல் ஒரு தடவை காட்டி எடுப்பார்கள். அது உர்ரென்று உறுமி, ஏறிய காந்தத்தை இறக்கிவிடும். பிறகு ஒரு குண்டூசியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டினால் ஃபெயில், ஒட்டாமல் விழுந்தால் பாஸ். தொழில் ஆரம்பித்த புதிதில், இதைச் செய்யாமல் அனுப்பிய சரக்கு மொத்தமும் என் கணவருக்குத் திரும்பி வந்திருக்கிறது. அன்றிலிருந்து குளிக்காமல் சாமி அறைக்குள் போனாலும் போவாரே தவிர, காந்தத்தோடு ஒரு சாமானைப் பட்டறைக்கு வெளியே விடமாட்டார்.

என்ன நடந்திருக்கும் என்று இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இத்தனை படித்த எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை என் கையில் கொடுத்தார். விளிம்பு கண்ணாடி மாதிரி மின்னியது. ஒரு பொட்டுத் தூசி இல்லை. தான் செய்த வேலையைப் பார்த்து அவர் முகம் மலர்ந்து நான் கண்டது அபூர்வம். நல்லா இருக்கு என்று சொன்னேன். "ரத்தத்துக்குப் போற சாமான். சுத்தமா இருக்கணும் இல்ல?" என்றபடி அதை எண்ணெய்த்தாளில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பாவுக்குள் வைத்து மூடினார். காந்தம் ரத்தத்தைத் தொடவே போவதில்லை, வெளியேதான் இருக்கும் என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். அவருக்கு அது முக்கியமாகப் படவில்லை.

திங்கட்கிழமை குழு வருகிறது. சனிக்கிழமை ஒத்திகை பார்த்தேன். என்னோடு வேலை பார்த்த இளைய மாணவர் ஒருவர் வழக்கம்போல ரத்தம் கொடுத்தார். மணிகளைக் கலந்தேன். காந்தத்தை வாய்க்கால் ஓரத்தில் பொருத்தினேன். சொல்லி வைத்தது போலப் பொருந்தியது. ஓடவிட்டேன். அணுக்கள் வந்தன. ஓசூர் எக்ஸ்பிரஸ் பஸ் அத்திப்பள்ளியில் நிற்காமல் தாண்டுவது போல, பக்கத்தில் ஒரு காந்தம் இருப்பதையே மதிக்காமல் நேராகப் போய்ச் சேர்ந்தன.

வேகத்தைக் குறைத்தேன். மணிகளைக் கூட்டினேன். சிப்பை மாற்றினேன். மத்தியானம் தாண்டியது, சாப்பிடவில்லை. வெள்ளையணுக்களை வாய்விட்டுத் திட்டினேன். அப்புறம் என்னவோ தோன்றி, புடவை மடிப்பில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் காந்தத்தின் விளிம்பில் வைத்தேன். ஊக்கு விழுந்தது. முதுகுப் பக்கம் வைத்தேன். அங்கேயும் விழுந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜூஜுவாடியைத் தாண்டினால் என் செல்போன் ரோமிங்கில் போய்விடும், பேசினால் காசு கரையும். அதனால் எங்களுக்குள் மிஸ்டு கால்தான் பேச்சு. ஒன்று கொடுத்தால் பஸ் ஏறிவிட்டேன், இரண்டு கொடுத்தால் பால் வாங்கி வையுங்கள். அன்று முழுதாகக் கூப்பிட்டேன். அதிலேயே அவர் பயந்துவிட்டார்.

"என்னா ஆச்சி? உடம்புக்கு எதுனா?"

"அந்தக் காந்தத்தை என்ன செஞ்சீங்க?"

"ஏன், எட்ஜ் பொரிஞ்சிடுச்சா?"

"எட்ஜ் நல்லாத்தான் இருக்கு. காந்தந்தான் இல்ல."

அந்தப் பக்கம் மெஷினை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"டீமேக் பண்ணன்" என்றார்.

"காந்தத்தையா?"

"தூசி போவல. கெரசின்ல கழுவனன், பிரஷ் போட்டன், அப்பவும் ஒட்டிக்கினே இருக்குது. ரத்தத்துக்குப் போற சாமான அப்டியா குடுக்கறது? ஒரு தடவ டீமேக்ல காட்டனன். பளிச்சினு ஆயிடுச்சி."

"அது காந்தங்க. காந்தம்."

"தெரியாதா எனக்கு? சக்குல இருந்து ஏறுன காந்தம் மேலாப்ல இருக்கறது, அது போவும். இது பொறவிலயே இருக்கற காந்தம். அது எப்டி போவும்னு நெனச்சன்."

பிறவிக் காந்தம். அழுக்கு மேலே, ஆத்மா உள்ளே என்பது போல ஒரு தத்துவத்தைக் காந்தத்துக்குக் கட்டிவைத்து, பெட்டி மேல் காட்டி எடுத்துவிட்டார். அதற்கப்புறம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. ரோமிங்கில் அவ்வளவு நேரம் புருஷனைத் திட்டியவள் அந்த எல்லைப் பக்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகவில்லை, நேராகப் பட்டறைக்குப் போனேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு, திட்டு வாங்கத் தோதாக ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அவரைக் காப்பாற்ற இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கும் பெண் முன்னால் வந்தாள். பாகலூர்ப் பக்கத்துப் பெண், வீட்டில் தெலுங்கு, கெட்டிக்காரி.

"அக்கா, அண்ணா மேல தப்பில்லக்கா. கடசில நான்தான் செக் பண்ணன். குண்டூசி வெச்சிப் பாத்தன். ஒட்டவே இல்ல. ஃபஸ்ட் கிளாஸ் பாஸ்க்கா."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. அந்தப் பெண் பயந்துபோய் எனக்கு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். மிச்சமிருந்த நாலாவது துண்டைத் தேய்த்து முடிக்க நாளில்லை, திங்கட்கிழமைக்குள் எதுவும் செய்ய முடியாது என்று அவர்களிடம் சொன்னேன். காந்தம் ஏற்றும் கருவி எங்கள் வளாகத்திலேயே வேறொரு துறையில் இருந்தது. ஆனால் அந்த அறையைத் திறக்க வேண்டியவர் ஊரில் இல்லை, வருவதற்குச் செவ்வாய்க்கிழமை ஆகும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அவர் ஓரத்தை விட்டு முன்னால் வந்தார். "காந்தம் ஏத்தணும். அவ்ளோதான?" என்றார்.

"அவ்வளவுதானா?"

"மொபெட்டுக்கு ஏத்தறாங்களே."

பழைய மொபெட், ஸ்கூட்டர் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். வண்டிக்குள் சுற்றும் காந்தம் நாள்பட்டால் வலுவிழந்துவிடும். எத்தனை உதைத்தாலும் வண்டி கிளம்பாது. அதைக் கழற்றிக்கொண்டு போனால் மேக்னட் சார்ஜ் செய்து கொடுக்கும் கடைகள் ரோட்டோரத்தில் இருந்தன. என் ஆராய்ச்சியும் மொபெட்டும் ஒன்றா என்று கேட்டேன். காந்தம் காந்தம்தானே என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. காந்தத்தைப் பற்றி அவர் அந்த வாரத்தில் சரியாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாகலூர் ரோட்டில் ஒரு பாய் கடைக்குப் போனோம். ஆட்டோ எலக்ட்ரிகல் கடை. பாய் எங்கள் வயதுக்காரர்தான். காந்தத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த வண்டிம்மா இது?"

பழைய கெட்ட பழக்கம், மறுபடியும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நுண்ணிய வாய்க்கால், ரத்தம், வெள்ளையணு எல்லாம். பாய் வானத்தைப் பார்க்கவில்லை. கடைசி வரை மரியாதையாகக் கேட்டுவிட்டு, "கிக்கரா, செல்ஃப் ஸ்டார்ட்டா?" என்றார்.

"கிக்கர்தான் பாய்" என்றார் என் கணவர். "பல வருசமா ஒதைக்கறாங்க. இன்னும் ஸ்டார்ட் ஆவல."

முதல் நாள் அவ்வளவு திட்டு வாங்கிய மனிதர் பேசுகிற பேச்சா இது. பாய் முன்னால் எதுவும் சொல்ல முடியாமல் நான் கைப்பையிலிருந்து நகப்பூச்சை எடுத்து, காந்தத்தின் விளிம்பில் ஒரு புள்ளி வைத்தேன். இந்தப் பக்கம் வடக்கு, முதுகுப் பக்கம் தெற்கு, மாறக் கூடாது என்றேன். விளிம்பு நசுங்காமல் இருக்க என் கணவர் பித்தளையில் ஒரு தாங்கி செய்து கொண்டுவந்திருந்தார். எப்போது செய்தார் என்று தெரியவில்லை. பாய் தன் மெஷினின் இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவில் அதை நிறுத்தி, நகப்பூச்சுப் புள்ளி எந்தப் பக்கம் என்று இரண்டு தடவை என்னைக் கேட்டுக்கொண்டார். பிறகு சுவிட்சை அழுத்தினார். டங்கென்று ஒரு சத்தம். கடையின் டியூப் லைட் மங்கிப் பிரகாசித்தது. இன்னொரு தடவை அழுத்தினார். அவ்வளவுதான்.

ஊக்கைக் கழற்றி விளிம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். வைக்கக்கூட இல்லை, அதுவே தாவிப் போய் ஒட்டிக்கொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை வருடப் படிப்பில் எந்தக் கருவியும் எனக்கு அவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

"வண்டி எடுக்கலன்னா திரும்ப எடுத்துட்டு வாங்க" என்றார் பாய். "சும்மாவே பண்ணித் தரேன்."

திங்கட்கிழமை அவரும் என்னோடு பஸ் ஏறினார். காந்தத்தில் தூசி சேராமல் கொண்டுபோக என்னை நம்பமுடியாதாம். பிளாஸ்டிக் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, மேம்பாலத்துக்காகத் தோண்டிப் போட்டிருந்த சாலையில் பஸ் குலுங்கும்போதெல்லாம் அதைக் கொஞ்சம் தூக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

ஆய்வகத்துக்குப் போனால் இன்னொரு செய்தி காத்திருந்தது. ரத்தம் கொடுக்க வேண்டிய மாணவருக்குக் காய்ச்சல். அன்று எடுத்த ரத்தமாக இருந்தால்தான் அணுக்கள் நன்றாக ஓடும். என் ரத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்று மருத்துவ அறைக்கு ஓடினேன். நர்ஸ் என் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, உனக்கே ரத்தம் பத்தாது போ என்று கன்னடத்தில் சொல்லிவிட்டார். ரத்த ஆராய்ச்சி செய்கிறவளுக்கு ரத்தசோகை. வாசலில் டப்பாவோடு நின்றிருந்தவரை நான் திரும்பிப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

இரும்பைத் தீப்பொறி பறக்கத் தேய்க்கிற மனிதருக்கு ஊசி என்றால் நடுக்கம். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டார். சட்டையைச் சுருட்டிக் கையை நீட்டி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நர்ஸ் பஞ்சால் துடைத்த உடனேயே, "ஆயித்தா?" என்று கன்னடத்தில் இவர் கேட்டார். ஊசியையே இன்னும் எடுக்கவில்லை என்றார் நர்ஸ். ஒருவழியாக ஆனது. ரத்தக் குழாயை என்னிடம் நீட்டும்போது என் கணவர், "கொஞ்சம் பாத்து ஓட்டு" என்றார், ஏதோ தன்னையே அந்த வாய்க்காலில் விடப்போவது போல.

அவரை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். குழுவில் மூன்று பேர். என் பேராசிரியர் ஓரமாக நின்றார். மைக்ராஸ்கோப்பில் தெரிவது பெரிய திரையில் தெரிந்தது. நகப்பூச்சுப் புள்ளி எந்தப் பக்கம் என்று இரண்டு தடவை பார்த்துக் காந்தத்தைப் பொருத்தினேன். ரத்தத்தை விட்டேன்.

சிவப்பணுக்கள் வந்தன, போயின. அப்புறம் மணிகள் ஒட்டிக் கறுத்துத் தெரிந்த முதல் வெள்ளையணு வந்தது. வாய்க்காலின் நடுவில் வந்துகொண்டிருந்தது மெதுவாக ஓரத்துக்குச் சாய்ந்தது. அப்பிக்கொள்ளவில்லை. சாய்ந்தபடியே ஓடி, பிரியும் இடத்தில் அடக்கமாகத் தன் கிளைக்குள் திரும்பியது. பின்னால் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. நான் திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன், பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. அது அவருடைய ரத்தம் என்பதை அங்கே நான் ஒருத்திதான் அறிவேன்.

குழுவில் ஒருவர், காந்தத்தை எங்கே ஏற்றினீர்கள் என்று கேட்டார். எங்கள் பகுதியில் அதற்கொரு வசதி இருக்கிறது என்றேன். அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். பிறகு என்னை வெளியே அனுப்பி, கதவைச் சாத்திப் பேசி, மறுபடியும் கூப்பிட்டுத் தங்கள் முடிவைச் சொன்னார்கள்.

வராந்தாவில் அவர் இன்னும் முழங்கையை மடக்கிப் பஞ்சைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ரத்தம் நின்று எவ்வளவோ நேரம் ஆகியிருக்கும்.

"திரும்பிச்சா?" என்றார்.

"திரும்பிச்சு."

"எல்லாமே?"

"கொஞ்சம் திரும்பல. உங்க ரத்தந்தானே, சொன்ன பேச்சு கேக்கல."

சிரித்தார். முடிவு என்னவென்று கேட்க வாய் வரவில்லை அவருக்கு. என் கையிலிருந்த காந்தத்தை வாங்கி, சட்டை நுனியால் துடைத்து, எண்ணெய்த்தாளில் பழையபடி சுற்றினார். சுற்றி முடித்து, தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஜாப் முடிஞ்சிடுச்சில்ல? போனதும் டீமேக் பண்ணிடலாமா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனாலும் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"வேண்டாம். இன்னும் ஒரு வருஷத்துக்கு வேணும்" என்றேன்.

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், நர்ஸ் ஊசி போடும்போது திருப்பிக்கொண்டாரே, அப்படி. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்காக நான் சந்தோஷப்பட்ட நாட்கள் பல உண்டு. அன்றைக்குப் போல் என்றும் இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஜூஜுவாடி நெரிசலில் வண்டி நின்றிருந்தபோது, அவர் என் புடவை மடிப்பிலிருந்த ஊக்கைக் கேட்டு வாங்கினார். எண்ணெய்த்தாளைப் பிரிக்காமலே அதன்மேல் ஊக்கை வைத்துப் பார்த்தார். ஒட்டிக்கொண்டது. பிடுங்கி எடுத்து மறுபடி விட்டார். மறுபடியும் தாவிப் போய் ஒட்டியது.

"ஃபெயில்" என்று சொல்லிவிட்டு, அதை ஊக்கோடு சேர்த்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.